லினக்ஸ் லேப்டாப்பில் பேட்டரி நீடிக்க: அளவெடுப்பதில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் போட்ட பிறகு பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறது என்று வருந்துகிறவர்கள் பெரும்பாலும் அடுத்துச் செய்வது ஒன்றுதான். எங்கேயோ கிடைத்த பத்துப் பதினைந்து கட்டளைகளை ஒரே மூச்சில் டெர்மினலில் ஒட்டிவிடுவார்கள். எது பலன் தந்தது, எது கெடுத்தது என்று அதன்பிறகு யாராலும் சொல்ல முடியாது. இந்த வழிகாட்டி வேறு வழியில் போகிறது: முதலில் அளப்போம், ஒரே ஒரு மாற்றம் செய்வோம், மறுபடி அளப்போம்.

இன்றைய லேப்டாப்புக்கு வேலை இல்லாத நேரத்தில் தூங்கத் தெரியும். நீங்கள் ஒரு பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதும், இரண்டு எழுத்து தட்டுவதற்கு நடுவிலும்கூட அதன் பாகங்கள் உறங்கி எழுந்துகொண்டே இருக்கும். பேட்டரி அநியாயத்துக்குத் தீர்கிறதென்றால் ஏதோ ஒரு பாகம் தூங்காமல் விழித்திருக்கிறது, அல்லது ஏதோ ஒரு நிரல் மற்றவற்றைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கட்டளைகளையும் கோப்புகளின் பெயர்களையும் உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.

படி 1: பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது?

மூன்று வருடம் ஓடிய பேட்டரியிடம் புதுப் பேட்டரியின் நேரத்தை எதிர்பார்த்து அமைப்புகளைக் குடைவதில் பயனில்லை. அதனால் முதல் கேள்வி, பேட்டரியின் கொள்ளளவு இப்போது என்ன என்பது. க்னோம், கேடிஇ ஆகிய டெஸ்க்டாப் சூழல்கள் இரண்டிலும் பின்னணியில் இருக்கும் அப்பவர் என்ற சேவை இதைச் சொல்லும். 'அப்பவர் -இ' என்று கொடுத்தால் சாதனங்களின் பட்டியல் வரும். அதில் பேட்டரி உள்ள வரியை எடுத்து 'அப்பவர் -ஐ' கட்டளைக்குப் பின்னால் ஒட்டுங்கள்.

வரும் விவரத்தில் இரண்டு வரிகளைப் பாருங்கள். 'எனர்ஜி ஃபுல் டிசைன்' என்பது தொழிற்சாலையிலிருந்து வரும்போது இருந்த கொள்ளளவு, 'எனர்ஜி ஃபுல்' என்பது இன்றைய கொள்ளளவு. இரண்டும் வாட்-மணியில் இருக்கும். முன்னது 57, பின்னது 41 என்று வந்தால் உங்கள் பேட்டரி 72 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இந்த 41-ஐ நினைவில் வையுங்கள், மற்ற எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான். லேப்டாப் சராசரியாக 8 வாட் இழுத்தால் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். அதையே 5 வாட்டுக்குக் கொண்டுவந்தால் எட்டு மணி நேரம் தாண்டும். மூன்று வாட் குறைப்பதற்குக் கிடைக்கும் கூலி மூன்று மணி நேரம்.

படி 2: சும்மா இருக்கும்போது எத்தனை வாட்?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

சார்ஜரைக் கழற்றுங்கள். திரையின் வெளிச்சத்தை ஒரு குறிப்பிட்ட அளவில், சொல்லப்போனால் 40 சதவீதத்தில், நிறுத்துங்கள். திறந்திருக்கும் எல்லா நிரல்களையும் மூடுங்கள், பிரவுசர் உட்பட. டெர்மினலில் 'சூடோ பவர்டாப்' என்று ஓடவிட்டு ஐந்து நிமிடம் கையை எடுத்துவிடுங்கள். பவர்டாப் என்பது இன்டெல் 2007-இல் வெளியிட்ட திறமூலக் கருவி. பெரும்பாலான அம்சங்கள் ஏஎம்டி சிப்பிலும் வேலை செய்யும்.

முதல் திரையின் மேலே பேட்டரியிலிருந்து எத்தனை வாட் வெளியேறுகிறது என்று காட்டும். அந்த எண்ணைத் தேதியோடு ஒரு தாளில் குறித்துவையுங்கள். கருவி எதுவும் இல்லாமலும் இதைப் பார்க்கலாம்: சிஸ் கோப்புறைக்குள் கிளாஸ், அதற்குள் பவர்_சப்ளை, அதற்குள் பேட்0 என்று போனால் பவர்_நௌ என்ற கோப்பு இருக்கும். அதில் உள்ள எண் மைக்ரோவாட்டில் இருப்பதால் 7200000 என்றால் 7.2 வாட். சில லேப்டாப்புகளில் இந்தக் கோப்பு இருக்காது. அங்கே கரண்ட்_நௌ, வோல்டேஜ்_நௌ இரண்டையும் பெருக்க வேண்டும். 0.6 ஆம்பியர், 12 வோல்ட் என்றால் அதே 7.2 வாட்.

தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லாத மெல்லிய லேப்டாப் சும்மா இருக்கும்போது 4 முதல் 6 வாட் வரை எடுப்பதை நான் இயல்பென்று கொள்வேன். பத்தைத் தாண்டினால் ஏதோ தூங்கவில்லை.

பவர்டாப்பில் டேப் விசையை அழுத்தி அடுத்தடுத்த பக்கங்களுக்குப் போகலாம். முதல் பக்கத்தில் ஒவ்வொரு நிரலும் நொடிக்கு எத்தனை முறை சிப்பை எழுப்புகிறது என்ற கணக்கு இருக்கும். சும்மா இருக்கும் நேரத்தில் ஒரு நிரல் மட்டும் நூற்றுக்கணக்கில் எழுப்பிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், அதுதான் குற்றவாளி. அடுத்த பக்கம் 'ஐடில் ஸ்டாட்ஸ்'. இன்டெல் சிப்பில் இடப்பக்கம் இருக்கும் பேக்கேஜ் நெடுவரிசையைக் கவனியுங்கள். சி2, சி3 என்று தொடங்கி சி8, சி10 வரை போகும். எண் கூடக்கூட உறக்கம் ஆழம். எல்லா நேரமும் சி2, சி3-லேயே நின்றால் ஏதோ ஒரு சாதனம் மொத்தச் சிப்பையும் ஆழத்துக்குப் போகவிடாமல் பிடித்துவைத்திருக்கிறது.

பவர்டாப்பில் 'ஆட்டோ ட்யூன்' என்று ஒரு வசதி உண்டு. எல்லாச் சாதனங்களையும் ஒரே அடியில் சேமிப்பு நிலைக்குத் தள்ளிவிடும். சோதித்துப் பார்க்க நல்லது, நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டாம். யூஎஸ்பி மவுஸைக்கூடத் தூங்க வைத்துவிடும். சில நொடி அசைக்காமல் விட்டு மறுபடி தொட்டால் சுட்டி ஒரு கணம் அசையாமல் நின்று பிறகு நகரும். லேப்டாப்பை மறுபடி தொடங்கினால் இந்த மாற்றங்கள் போய்விடும் என்பதால் பயமின்றிச் செய்து பார்க்கலாம்.

படி 3: மேலாளர் ஒருவர் போதும்

மின்சாரத்தை நிர்வகிக்க லினக்ஸில் பல கருவிகள் உண்டு. இரண்டை ஒன்றாக நிறுவுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஒன்று போட்ட அமைப்பை இன்னொன்று மாற்றும், எது வென்றது என்று தெரியாது.

பவர் ப்ரொஃபைல்ஸ் டீமன் என்பது உபுண்டு உள்ளிட்ட பல டிஸ்ட்ரோக்களில், அதாவது லினக்ஸ் விநியோகங்களில், ஏற்கெனவே இருக்கும். மேல்பட்டையில் சேமிப்பு, சமநிலை, செயல்திறன் என்று மூன்று நிலைகளைக் காட்டுவது இதுதான். ஃபெடோரா 41-லிருந்து அதே பொத்தான்களுக்குப் பின்னால் ட்யூன்டி என்ற வேறொரு சேவை வேலை செய்கிறது. புதிய லேப்டாப், புதிய கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) என்றால் இதிலேயே இருங்கள். பெரும்பாலானோருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

டிஎல்பி என்ற கருவி பழைய லேப்டாப்புகளுக்கும், ஒவ்வொரு சாதனத்தையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்த விரும்புகிறவர்களுக்கும் ஏற்றது. நிறுவியவுடனேயே நியாயமான அமைப்புகளோடு ஓடத் தொடங்கும். யூஎஸ்பி மவுஸ், விசைப்பலகையைத் தானாகவே விட்டுவைக்கும். நிறுவினால் பவர் ப்ரொஃபைல்ஸ் டீமனை நீக்கிவிடுங்கள். 'டிஎல்பி-ஸ்டாட் -எஸ்' கொடுத்தால் அது ஓடுகிறதா, மோதல் உண்டா என்று சொல்லும். மாற்றங்களை எட்ஸி கோப்புறையில் உள்ள டிஎல்பி.கான்ஃப் கோப்பில் செய்யலாம். டிஎல்பி.டி கோப்புறைக்குள் தனிக் கோப்பாக வைத்தால் கருவி புதுப்பிக்கப்படும்போதும் குழப்பம் வராது.

சிப்பின் வேகத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. மெதுவாக ஓடவிட்டால் மின்சாரம் மிச்சம் என்று அதிகபட்ச வேகத்தைப் பாதியாக வெட்டிவிடுவார்கள். வேலையைச் சட்டென்று முடித்துவிட்டு ஆழ்ந்து தூங்குவது பல நேரங்களில் மெதுவாக நெடுநேரம் விழித்திருப்பதைவிடச் சிக்கனம். ஏனென்றால் சிப் விழித்திருக்கும்போது நினைவகமும் இணைப்புத் தடங்களும் கூடவே விழித்திருக்கின்றன. அதனால் வேகத்தை வெட்டாமல் சிப்புக்கு ஒரு விருப்பக் குறிப்பு கொடுப்பதுதான் இன்றைய வழி. அதன் பெயர் எனர்ஜி பெர்ஃபார்மன்ஸ் ப்ரிஃபரன்ஸ். பேட்டரியில் ஓடும்போது 'பேலன்ஸ்_பவர்' என்ற மதிப்பு வைப்பது டிஎல்பியின் வழக்கம், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

சிப்பின் வேகக் கொள்கையைச் சொல்லும் கவர்னர் என்ற இடத்தில் 'பவர்சேவ்' என்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். இன்டெல் பி-ஸ்டேட் இயக்கியில் (டிரைவரில்) அந்தச் சொல்லுக்கு எப்போதும் குறைந்த வேகம் என்று பொருளில்லை. தேவைக்கேற்ப ஏறி இறங்கும். மாறாக 'பெர்ஃபார்மன்ஸ்' என்று இருந்தால்தான் கவலை. முன்பு ஒரு நாள் விளையாட்டுக்காக மாற்றிவிட்டு மறந்திருப்பீர்கள்.

ஏஎம்டி லேப்டாப் வைத்திருப்பவர்கள் 'ஸ்கேலிங்_டிரைவர்' கோப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஏஎம்டி பி-ஸ்டேட் இயக்கி 2022-இல் வந்த 5.17 கெர்னலில் நுழைந்தது. மேலே சொன்ன விருப்பக் குறிப்பு 2023-இல் வந்த 6.3-லிருந்து அதில் வேலை செய்கிறது. ஏஎம்டியின் ஸென் 2 தலைமுறைக்குப் பிந்தைய சிப்பிலும் பழைய ஏசிபிஐ-சிபியூஃப்ரெக் இயக்கிதான் ஓடுகிறதென்றால் கெர்னலைப் புதுப்பித்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

லினக்ஸுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளங்களைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்னதில் பவர்டி சேவையை ஆர்சி.கான்ஃப் கோப்பில் இயக்கி, சிப் ஆழமான சி-நிலைகளுக்குப் போக அனுமதி கொடுங்கள். பின்னதில் ஏபிஎம்டி சேவையை '-ஏ' என்ற தெரிவோடு ஓடவிடுங்கள். அளக்கும் முறையும் திரை, பிரவுசர் பற்றிய யோசனைகளும் அங்கேயும் பொருந்தும்.

படி 4: திரை

சும்மா இருக்கும் லேப்டாப்பில் அதிகம் தின்பது பெரும்பாலும் திரைதான். வெளிச்சத்தை நூறிலிருந்து நாற்பதுக்கு இறக்கிவிட்டு வாட் எண்ணைப் பாருங்கள். வேறு எந்த அமைப்பும் இவ்வளவு சுலபமாக இவ்வளவு தராது.

120 அல்லது 144 ஹெர்ட்ஸ் திரை என்றால் பேட்டரியில் 60-க்கு மாற்றுங்கள். இருண்ட வண்ணத் தீம் ஓஎல்இடி திரையில் உண்மையாகவே மிச்சப்படுத்தும், அங்கே கறுப்புப் புள்ளி ஒளிர்வதில்லை. சாதாரண எல்சிடி திரையில் பின்விளக்கு எப்படியும் எரிவதால் தீம் மாற்றிப் பெரிய பயனில்லை.

அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று, திரை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும் வசதி. காட்சி மாறாமல் இருந்தால் கடைசிப் படத்தைத் திரையே நினைவில் வைத்துக்கொண்டு காட்டும், கிராஃபிக்ஸ் பகுதி தூங்கப் போகலாம். இன்டெல் லேப்டாப்புகளில் திரை இடம் கொடுத்தால் இது தானாகவே இயங்கும். ஆனால் மேல்பட்டைக் கடிகாரத்தில் நொடி ஓடிக்கொண்டிருந்தால் ஒவ்வொரு நொடியும் காட்சி மாறுகிறது. மூலையில் அசையும் வானிலைப் படம், எதையோ காட்டித் துடிக்கும் சின்னம் எல்லாம் இதே வேலையைத்தான் செய்கின்றன. க்னோமில் எழுத்துக் குறி துடிப்பதைப் பத்து நொடி தொடாமல் விட்டால் நிறுத்திவிடும்படி அமைத்திருப்பதற்கும் இதுதான் காரணம். என் கடிகாரத்தில் நொடியை எடுத்துவிட்டேன், அதன் பிறகு தேடியதும் இல்லை.

ஏஎம்டி லேப்டாப்பில் சேமிப்பு நிலைக்குப் போனதும் நிறங்கள் வெளிறினாற்போல் தெரிந்தால் திரை பழுதில்லை. பின்விளக்கைக் குறைத்து, அதை ஈடுகட்டப் படத்தின் மாறுபாட்டைச் சரிசெய்யும் வசதி அது. புகைப்படம் திருத்துகிற நேரத்தில் சமநிலைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

படி 5: தனி கிராஃபிக்ஸ் சிப் உண்மையில் தூங்குகிறதா?

உங்கள் லேப்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் சிப் இல்லையென்றால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள். இருந்தால் மற்ற எல்லாவற்றையும்விட இங்கே நேரம் செலவிடுங்கள்.

ஒரு லேப்டாப்பில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சும்மா இருக்கும்போதே 12 வாட்டுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. தனி சிப்பைப் பயன்படுத்தும் நிரல் எதுவும் திறந்திருக்கவில்லை. இயக்கி சரி, அமைப்புகள் சரி. இரண்டு மாலைகள் தேடியும் பிடிபடவில்லை. கடைசியில் மேல்பட்டையில் இருந்த ஒரு சின்ன வெப்பநிலை எண் கண்ணில் பட்டது. பல மாதங்களுக்கு முன் நானே சேர்த்த நீட்சி (எக்ஸ்டென்ஷன்) அது. இரண்டு நொடிக்கு ஒருமுறை தனி சிப்பிடம் வெப்பநிலை கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் தூங்கப் போன சிப்பை எழுப்பி, பதில் வாங்கிக்கொண்டு, அது மறுபடி கண்ணயர்வதற்குள் அடுத்த கேள்வி. நீட்சியை நீக்கிவிட்டு அரை நிமிடம் காத்திருந்தேன். எண் 11.8-லிருந்து இறங்கி 6.4-இல் போய் நின்றது.

இதைச் சோதிக்கும்போது சிப்பை எழுப்பாமல் சோதிக்க வேண்டும். சிப்பின் நிலையைச் சொல்லும் அதன் சொந்தக் கருவிகளே அதை எழுப்பிவிடும். அதனால் கெர்னலிடம் கேளுங்கள்:

1. 'எல்எஸ்பிசிஐ' கட்டளை கொடுத்து தனி சிப்பின் முகவரியைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் 01:00.0 என்று இருக்கும்.

2. சிஸ் கோப்புறைக்குள் பஸ், பிசிஐ, டிவைசஸ் என்று போய் அந்த முகவரியுள்ள கோப்புறையைத் திறந்து, பவர் என்ற உள்கோப்புறையில் 'ரன்டைம்_ஸ்டேட்டஸ்' கோப்பைப் படியுங்கள். 'சஸ்பெண்டட்' என்று இருந்தால் தூங்குகிறது. 'ஆக்டிவ்' என்றால் விழித்திருக்கிறது.

3. விழித்திருந்தால் பக்கத்தில் உள்ள 'கன்ட்ரோல்' கோப்பைப் பாருங்கள். 'ஆன்' என்று இருந்தால் தூங்க அனுமதியே இல்லை, அதை 'ஆட்டோ' ஆக்க வேண்டும். டிஎல்பி இதைக் கவனித்துக்கொள்ளும்.

4. அனுமதி இருந்தும் விழித்திருந்தால் 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளையை வைத்து அந்தச் சிப்பின் சாதனக் கோப்புகளை எந்த நிரல் திறந்து வைத்திருக்கிறது என்று பாருங்கள்.

என்விடியா சிப் என்றால் தலைமுறை முக்கியம். டூரிங் தலைமுறையிலிருந்து, அதாவது ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 வரிசைகளிலிருந்து, வேலையில்லாதபோது சிப் முழுதாக அணையும் வசதி அதிகாரபூர்வ இயக்கியில் உண்டு. அதற்கு முந்தைய சிப்புகளில் தனி சிப்பை மொத்தமாக அணைத்துவிடுவதே வழி. உபுண்டுவில் 'பிரைம்-செலக்ட்' கட்டளையிலும், மற்றவற்றில் என்விகன்ட்ரோல் போன்ற கருவிகளிலும் இதைச் செய்யலாம். அணைக்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள்: பல லேப்டாப்புகளில் ஹெச்டிஎம்ஐ துளை தனி சிப்போடு நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும். சிப்பை அணைத்தால் வெளித்திரையும் வேலை செய்யாது.

படி 6: வீடியோவும் பிரவுசரும்

வீடியோ பார்க்கும்போது விசிறி சத்தம் போட்டால், படத்தைப் பிரிக்கும் வேலையை அதற்கென்றே உள்ள பகுதி செய்யாமல் முதன்மைச் சிப் செய்துகொண்டிருக்கிறது. இதைச் சரிசெய்தால் வீடியோ பார்க்கும் நேரத்தில் பல வாட் மிச்சமாகும்.

'விஏஇன்ஃபோ' கட்டளையைக் கொடுங்கள். உங்கள் சிப் எந்தெந்த வீடியோ வடிவங்களைத் தானே பிரிக்கும் என்று பட்டியலிடும். பிழை வந்தால் இயக்கி இல்லை. இன்டெல் என்றால் இன்டெல் மீடியா டிரைவர் என்ற தொகுப்பு, ஏஎம்டி என்றால் மெஸா என்ற திறமூல கிராஃபிக்ஸ் இயக்கித் தொகுப்பின் விஏ பகுதி வேண்டும். ஃபெடோரா பயனர்கள் இங்கேதான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். காப்புரிமைச் சிக்கலால் ஹெச்.264, ஹெச்.265 வடிவங்களுக்கான வன்பொருள் ஆதரவை ஃபெடோரா தன் மெஸாவிலிருந்து 2022-இல் எடுத்துவிட்டது. ஆர்பிஎம் ஃப்யூஷன் களஞ்சியத்தில் உள்ள 'ஃப்ரீவேர்ல்ட்' தொகுப்பைப் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

ஃபயர்ஃபாக்ஸில் வன்பொருள் வழி வீடியோ இன்டெல்லுக்கு 115-ஆம் பதிப்பிலும், ஏஎம்டிக்கு 136-ஆம் பதிப்பிலும் தானாக இயங்கும்படி வந்தது. அது உண்மையில் நடக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வீடியோவை ஓடவிட்டுப் பக்கத்தில் 'இன்டெல்_ஜிபியூ_டாப்' திறந்தால் வீடியோ என்ற வரியில் எண் ஏற வேண்டும். பூஜ்யத்தில் நின்றால் முதன்மைச் சிப்தான் சுமக்கிறது. ஏஎம்டியில் இதற்கு என்விடாப் உதவும்.

எல்லாம் சரியாக இருந்தும் யூடியூபில் மட்டும் சூடேறினால் வடிவம்தான் காரணமாக இருக்கும். யூடியூப் பல நேரங்களில் ஏவி1 வடிவத்தை அனுப்பும். இன்டெல்லில் ஏவி1-ஐ வன்பொருளில் பிரிப்பது 2020-இல் வந்த 11-ஆம் தலைமுறை டைகர் லேக்கிலிருந்துதான். அதற்கு முந்தைய லேப்டாப்பில், ஹெச்.264 மட்டும் கேட்டு வாங்கும் பிரவுசர் நீட்சி ஒன்றைப் போட்டுவிடுங்கள். எம்பிவி பிளேயரில் வன்பொருள் ஆதரவு இயல்பில் அணைந்திருக்கும். வீடியோ ஓடும்போது கன்ட்ரோலோடு ஹெச் விசையை அழுத்தினால் இயங்கும். அதன் அமைப்புக் கோப்பில் ஹெச்டபிள்யூடெக் வரியில் 'ஆட்டோ' என்று எழுதினால் நிரந்தரம்.

திறந்து கிடக்கும் தாவல்களைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. பிரவுசருக்குள்ளேயே பணி மேலாளர் உண்டு. எந்தத் தாவல் சும்மா இருக்கும்போதும் உழைக்கிறது என்று அங்கே பார்த்து மூடுங்கள். விளம்பரத் தடுப்பான் இருந்தால் இந்தச் சுமை பெருமளவு குறையும்.

படி 7: சில்லறைச் சேமிப்புகள்

வைஃபை: நெட்வொர்க்மேனேஜர் அமைப்பில் 'வைஃபை.பவர்சேவ்' மதிப்பு 3 என்றால் சேமிப்பு உண்டு, 2 என்றால் இல்லை. இணைப்பு தடுமாறினால் 2-க்குப் போய்விடுங்கள்.

ப்ளூடூத் தேவையில்லாதபோது அணையுங்கள். விசைப்பலகை விளக்கையும்.

ஒலி: ஒலிச் சிப் சேமிப்பு நிலைக்குப் போய்வரும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால் டிஎல்பியில் அதை மட்டும் அணைக்கலாம். இழப்பு சொற்பம்.

எஸ்எஸ்டி: என்விஎம்இ வட்டுகள் தாமாகவே தூங்கும் வசதி 2017-இல் வந்த 4.11 கெர்னலிலிருந்து இருக்கிறது. வட்டு உறைந்துபோகும் சிக்கலுக்கு மருந்தாக இந்த வசதியை அணைக்கும் ஒரு கெர்னல் அளவுரு (லேப்டாப் தொடங்கும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் குறிப்பு) உலவுகிறது. அதன் பெயர் 'என்விஎம்இ_கோர்.டிஃபால்ட்_பிஎஸ்_மேக்ஸ்_லேட்டன்சி_யூஎஸ்', மதிப்பு 0. எப்போதோ அதைச் சேர்த்திருந்தால் இப்போதும் தேவையா என்று எடுத்துப் பாருங்கள்.

பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்களின் உறக்கம், அதாவது ஏஎஸ்பிஎம், சில லேப்டாப்புகளில் பெரிய வித்தியாசம் தரும். படி 2-இல் சிப் ஆழத்துக்குப் போகவில்லை என்று கண்டிருந்தால் 'பவர்சூப்பர்சேவ்' கொள்கையைச் சோதியுங்கள். வைஃபையோ வட்டோ மக்கர் செய்தால் உடனே பழைய நிலைக்குத் திரும்புங்கள்.

பழைய கட்டுரைகளில் வரும், இன்டெல் கிராஃபிக்ஸின் உறக்கத்துக்கான ஆர்சி6 அளவுருவைத் தேடி அலைய வேண்டாம். கெர்னலிலிருந்து அதை எடுத்துப் பல வருடங்கள் ஆகின்றன.

படி 8: மூடி வைத்த லேப்டாப் இரவில் என்ன செய்கிறது?

பகலில் அத்தனையும் மிச்சப்படுத்திவிட்டு, இரவில் பையில் கிடக்கும் லேப்டாப் பாதிப் பேட்டரியைக் குடித்துவிட்டால் மனம் நொந்துபோகும். பைக்குள் சூடாகவும் இருந்தால் நிச்சயம் அது தூங்கவில்லை.

சிஸ் கோப்புறையில் பவர் என்பதற்குள் 'மெம்_ஸ்லீப்' கோப்பைப் படியுங்கள். 'எஸ்2ஐடில்', 'டீப்' என்ற இரண்டு சொற்களில் எது சதுர அடைப்புக்குள் இருக்கிறதோ அதுதான் இப்போதைய உறக்க முறை. டீப் என்பது நினைவகத்தைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் அணைக்கும் பழைய முறை. எஸ்2ஐடில் முறையில் எல்லாச் சாதனங்களும் ஒத்துழைத்தால்தான் ஆழ்ந்த உறக்கம் வரும், ஒன்று முரண்டு பிடித்தாலும் கசிவுதான். இரண்டு சொற்களும் தெரிந்தால் 'மெம்_ஸ்லீப்_டிஃபால்ட்' என்ற கெர்னல் அளவுருவுக்கு 'டீப்' மதிப்பு கொடுத்துப் பாருங்கள். மூடி திறந்ததும் ஒழுங்காக எழுகிறதா என்று பலமுறை சோதித்த பிறகே நிரந்தரமாக்குங்கள். சில லேப்டாப்புகளில் பயாஸ் அமைப்பிலேயே உறக்க முறையை மாற்றும் தெரிவு இருக்கும்.

எஸ்2ஐடில் மட்டுமே உள்ள புதிய லேப்டாப் என்றால், ஒருமுறை தூங்கவைத்து எழுப்பிய பிறகு அதே பவர் கோப்புறையில் 'சஸ்பெண்ட்_ஸ்டாட்ஸ்' என்பதற்குள் 'லாஸ்ட்_எச்டபிள்யூ_ஸ்லீப்' கோப்பைப் பாருங்கள். புதிய கெர்னல்களில் இது உண்டு. வன்பொருள் எவ்வளவு நேரம் உண்மையாகத் தூங்கியது என்பதை மைக்ரோநொடியில் சொல்லும். பத்து நிமிடம் மூடி வைத்திருந்தும் பூஜ்யம் என்று வந்தால் மூடியிருந்த அத்தனை நேரமும் சிப் அரைத்தூக்கத்தில் இருந்திருக்கிறது. முதலில் பயாஸைப் புதுப்பியுங்கள், அடுத்துக் கெர்னலை. ஏஎம்டி லேப்டாப்புக்கு எஸ்2ஐடில் சோதனைக் கருவி ஒன்றை ஏஎம்டியின் பொறியாளர்களே வெளியிட்டிருக்கிறார்கள். எந்தச் சாதனம் தடுக்கிறது என்று பெயர் சொல்லும்.

எதுவுமே சரிவரவில்லை என்றால் ஹைபர்னேட் இருக்கிறது. நினைவகம் முழுவதையும் வட்டில் எழுதிவிட்டு லேப்டாப் அணைந்துவிடும். இதற்கு வட்டில் ஸ்வாப் இடம், அதாவது நினைவகத்தில் உள்ளதை எழுதிவைக்கும் இடம், தேவை; நினைவகத்தின் அளவுக்காவது இருந்தால் பாதுகாப்பு. இசட்ரேம் ஸ்வாப் நினைவகத்துக்குள்ளேயே இருப்பதால் இதற்கு உதவாது. செக்யூர் பூட் இயங்கும் லேப்டாப்புகளில் பல டிஸ்ட்ரோக்களின் கெர்னல் ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இது வேலை செய்யத் தொடங்கிவிட்டால், லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் 'சஸ்பெண்ட்-தென்-ஹைபர்னேட்' முறையைப் பரிந்துரைப்பேன். மூடியதும் சாதாரண உறக்கம், ஸ்லீப்.கான்ஃப் கோப்பில் நீங்கள் குறித்த நேரம் கழிந்ததும் முழு அணைப்பு. லாகின்டி.கான்ஃப் கோப்பில் மூடிக்கான வரியில் இந்தப் பெயரை எழுதினால் போதும்.

படி 9: பேட்டரியின் ஆயுள்

இதுவரை பார்த்தது ஒரு சார்ஜில் எத்தனை மணி நேரம் என்பது. பேட்டரி எத்தனை வருடம் தாங்கும் என்பது வேறு கணக்கு. லித்தியம் அயான் பேட்டரி அதிகம் தேய்வது, முழுச் சார்ஜில் உயர்ந்த மின்னழுத்தத்தில் சூடாகவே கிடக்கும்போது. நாள் முழுக்கச் சார்ஜரிலேயே மேசை மேல் இருக்கும் லேப்டாப்பின் நிலை இதுதான். எனவே 80 சதவீதத்தில் சார்ஜ் நிற்கும்படி வரம்பு வையுங்கள்.

பேட்0 கோப்புறையில் 'சார்ஜ்_கன்ட்ரோல்_எண்ட்_த்ரெஷோல்ட்' கோப்பு இருந்தால் உங்கள் லேப்டாப் இதை ஆதரிக்கிறது. கேடிஇ பிளாஸ்மாவின் மின் அமைப்புகளில் இதற்கு இடம் உண்டு. 2025 மார்ச்சில் வந்த க்னோம் 48-இலும் பேட்டரி ஆரோக்கியத்தைக் காக்கும் தெரிவாக வந்துவிட்டது. திங்க்பேடுகளில் தொடக்க வரம்பையும் சேர்த்து வைக்கலாம். டிஎல்பியில் தொடக்கம் 75, முடிவு 80 என்று கொடுத்தால் 75-க்குக் கீழே இறங்கும்வரை சார்ஜ் ஏறாது, அடிக்கடி துளித்துளியாக ஏறுவது நிற்கும். ஐடியாபேடுகளில் எண் கொடுக்க முடியாது, 'கன்சர்வேஷன்_மோட்' கோப்பில் 1 என்று எழுத வேண்டும். நெடுநேரம் வெளியே போகும் நாளுக்கு முன் 'டிஎல்பி ஃபுல்சார்ஜ்' கொடுத்தால் அந்த ஒருமுறை மட்டும் நூறு வரை ஏறும்.

20 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த லேப்டாப் திடீரென்று அணைந்தால் பேட்டரியின் கணக்கு தடம் மாறியிருக்கலாம். ஒருமுறை முழுதாக ஏற்றி, முழுதாக இறக்கி, மறுபடி முழுதாக ஏற்றினால் பல நேரம் சரியாகிவிடும். இதை வழக்கமாக வைத்துக்கொள்ளாதீர்கள், அடியோடு இறங்குவதும் பேட்டரிக்குத் தேய்மானம்தான். பல வாரம் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் பாதிச் சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

டச்பேட் திடீரென்று அழுத்தக் கடினமாகிவிட்டதா, மேசையில் வைத்தால் லேப்டாப் ஒரு மூலையில் ஆடுகிறதா, மூடினால் இடைவெளி தெரிகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். பேட்டரி ஊதியிருப்பதற்கான அறிகுறிகள் இவை. அப்படித் தெரிந்தால் கொள்ளளவு எவ்வளவு காட்டினாலும் அதற்கு மேல் ஓட்டாதீர்கள். சார்ஜரைப் பிடுங்கி, லேப்டாப்பை அணைத்து, எளிதில் தீப்பிடிக்கும் பொருள்களுக்கு அருகில் வைக்காமல் ஒதுக்கிவிடுங்கள். ஊதிய இடத்தை அழுத்தவோ குத்தவோ கூடாது, குப்பையில் போடவும் கூடாது. பழக்கமுள்ளவரிடம் கொடுத்துக் கழற்றி, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். புதுப் பேட்டரி போட்டதும் படி 1-க்குத் திரும்பி அதன் முதல் எண்ணைத் தேதியோடு அதே தாளில் எழுதிவையுங்கள்.